முக்கால் முழ வேலிக்கு மேலால் போன கறண்ட்

பூட்டிக் கிடந்த ஒரு நீதிமன்றத்தின் கட்டளைக்கு, யாரும் கேட்காமலே வருடக்கணக்காகக் கீழ்ப்படிந்து நடந்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் ஒழுங்கைப் பிறக்கிராசியார்தான். வேறு யாராவது இருந்தால் எழுதி அறிவியுங்கள். நான் நம்பப் போவதில்லை.

பிறக்கிராசி என்பது எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் வழக்கறிஞருக்குச் சொல்லும் பெயர். இவர் சட்டம் படித்தவர் அல்லர். கோப்பாயில் வெங்காயம் செய்தவர். ஆனால் பத்தொன்பது வருடமாக ஒரே வழக்கில் வழக்காளியாக நின்றவர். அந்தக் காலத்துக்குள் அவருடைய வழக்கறிஞர்கள் மூன்று பேர் மாறினார்கள், நீதிபதிகள் எத்தனை பேர் என்று அவருக்கே கணக்கில்லை. புதிதாக வருகிற நீதிபதிக்கு வழக்கை விளங்கப்படுத்துவதே தான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். அப்படி வந்த பட்டம் அது. அவருடைய சொந்தப் பெயர் தபாற்காரருக்கு மட்டும் தெரியும்.

வழக்கு ஒரு வேலியைப் பற்றியது. அவருடைய மனைவிக்குச் சீதனமாக வந்த காணிக்குப் பின்னால் மனைவியின் தமையன் கந்தையரின் காணி. நடுவில் நிற்கும் வேலி முக்கால் முழம் தன் பக்கம் தள்ளி நிற்கிறது என்பது பிறக்கிராசியாரின் வாதம். முக்கால் முழத்தில் ஒரு கட்டில்கூடப் போட முடியாது. அதற்காக அவர் செலவழித்த காலத்தில் ஒரு பிள்ளை பிறந்து படித்து உத்தியோகத்துக்கும் போயிருக்கும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி வழக்குத் தொடங்கி ஐந்தாம் வருடம் தவறிவிட்டார். கந்தையரின் மனைவியும் போய்விட்டார், மகன்மார் கனடாவில். ஆக, வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

தீர்ப்பு வரும்வரை இரு பகுதியாரும் வேலியில் கை வைக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, எதையும் கட்டக்கூடாது என்பது கோட்டுக் கட்டளை. நீதிமன்றத்தை நாங்கள் கோடு என்போம். அதனால் ஓலை உக்கி விழுந்து, கதியாலாக நட்ட பூவரசுகள் பெருமரங்களாகி, வேலியில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஆடு, கோழி, நாய் எல்லாம் அதற்குள்ளால் போய்வந்தன. மனிதர் இருவர் மட்டும் ஒழுங்கைப் பாதையைச் சுற்றித்தான் போனார்கள்.

இருவரும் கதைப்பதில்லை. ஆனால் வழக்குத் தவணை நாளில் ஒரே பஸ்ஸில்தான் பட்டணத்துக்குப் போவார்கள். கந்தையர் முன் ஆசனம், இவர் இரண்டு ஆசனம் தள்ளிப் பின்னால். கோட்டுக்கு முன்னாலிருந்த தேநீர்க்கடையில் ஒரே வாங்குப் பலகையின் இரண்டு அந்தத்தில் இருந்து வடை சாப்பிடுவார்கள். ஒருமுறை கந்தையர் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். பிறக்கிராசியார் அதை எடுத்து, தன் கையால் கொடுக்காமல், கொண்டக்டரிடம் நீட்டினார்.

“இது எதிராளியின்ரை குடை. அவரிட்டைக் குடுத்துவிடு. நான் தந்ததெண்டு சொல்லாதை.”

நாட்டில் சண்டை வலுத்து எண்பதுகளின் முடிவோடு எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. கறண்ட் நின்றது, தபால் தட்டுத்தடுமாறியது, கோடும் பூட்டுப்பட்டது. ஊர் முழுக்க கறண்டுக்கு அழுதது. பிறக்கிராசியார் அழுதது தவணைக்கு. மாதக்கணக்காக அடுத்த தவணை எப்போது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார், ஏதோ நான் ஒளித்து வைத்திருப்பதுபோல. தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டு அலுமாரியில் மடித்தபடி கிடந்தது. மனிதர் தாடி வளர்த்து, தோட்டத்துக்கும் ஒழுங்காகப் போகாமல் வாடிப்போனார். அதைப் பார்த்து அப்போது நாங்கள் சிரித்தோம். இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

பங்கர் என்கிற பதுங்குகுழிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் காலை குண்டு போட விமானம் வந்தது. அந்தச் சுற்றில் பங்கர் கந்தையர் வளவில் மட்டுந்தான் இருந்தது. பள்ளிக்கூட மாஸ்ரரான நான் விழுந்தடித்து அதற்குள் போய்விட்டேன். பிறக்கிராசியார் வேலி ஓட்டையால் நாலு எட்டில் வந்திருக்கலாம். வரவில்லை. ஒழுங்கையைச் சுற்றி ஓடிவந்து கந்தையரின் படலையடியில் நின்றார். அனுமதியில்லாமல் எதிராளியின் காணிக்குள் காலடி வைத்தால் வழக்குப் பழுதாகிவிடுமாம். மேலே விமானம் உறுமுகிறது, இவர் அனுமதி கேட்டு நிற்கிறார். கந்தையர் இருட்டுக்குள் இருந்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அவரை வரச் சொல்லுங்கோ மாஸ்ரர். உதாலை வழக்குக்கு ஒரு பாதகமும் இல்லையெண்டும் சொல்லுங்கோ.”

நான் கத்திச் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் படலையைத் திறந்தார். உள்ளே வந்து கந்தையருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார்.

இப்படியிருக்கையில்தான் எங்கள் ஒழுங்கைக்கு வெளிச்சம் வருகிற வழி ஒன்று திறந்தது. சந்தியில் அரிசி மில் வைத்திருந்தவரிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற பெரிய எஞ்சினும், கறண்ட் எடுக்கிற ஒரு பழைய டைனமோவும் இருந்தன. போய்க் கேட்டோம். ஒரு வீடு இரண்டு வீட்டுக்கு அந்த எஞ்சினைச் சுற்றக் கட்டுபடியாகாது என்றார். பன்னிரண்டு வீடு ஒன்றாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் பின்னேரம் ஆறு தொடக்கம் ஒன்பது மணிவரை தருவதாகவும், பதினொரு வீடு என்றால் தன்னிடம் வரவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் மொத்தமே பன்னிரண்டு வீடுகள். ஜாம் போத்தல் விளக்கில் படித்துக் கண் சிவந்த பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள். கையெழுத்து அழகானவன் என்ற ஒரே தகுதியில் என்னைச் சங்கத்துக்குச் செயலாளராக்கினார்கள்.

பதினொரு வீடு சுகமாகச் சேர்ந்தது. பழைய மின்கம்பங்களை யார் யாரோ வேறு தேவைக்குக் கொண்டுபோய்விட்டதால் வேலி வேலியாக வயரைக் கட்டிக்கொண்டு போனோம். கடைசி வீடு கந்தையருடையது. ஒழுங்கையைச் சுற்றி அங்கே போக எங்களிடம் வயர் இல்லை. எந்தக் கடையிலும் வாங்கவும் முடியாது. பிறக்கிராசியாரின் வளவால் வேலியைக் கடந்துபோனால் அளவாக இருந்தது. பூவரசில் ஒரு ஆணி அடித்தால் அலுவல் முடிந்தது.

பிறக்கிராசியார் மரத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். கோட்டுக் கட்டளை இருக்கிறதாம். கோடே இல்லையே அண்ணை என்றேன்.

“கோடு இல்லாட்டி என்ன மாஸ்ரர், கட்டளை இருக்கு. அதை ஒருத்தரும் கிழிக்கேல்லை.”

ஒழுங்கை முழுவதும் அவரைத் திட்டியது. கிழவனுக்குப் பிடிவாதம், தானும் வாழான், மற்றவனையும் வாழ விடான் என்றார்கள். ஏழு பிள்ளைகளின் தாய்மாரும் அவர் வீட்டுப் பக்கம் பார்ப்பதையே விட்டார்கள். நானும் கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் தாடியை வழித்து, அந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு உடன்படிக்கை, பதினான்கு பிரிவுகள். வேலியில் முட்டாமல், அதற்கு மேலால் வயர் போகலாம். தன் வளவில் ஒரு பனங்கம்பம், எதிராளி வளவில் ஒரு பனங்கம்பம். இரு பகுதியாரின் உரிமைக்கும் பாதகமின்றி. மனிதரின் முகத்தில் நான் இரண்டு வருடமாகக் காணாத களை இருந்தது.

கந்தையரிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இரண்டு தரம் வாசித்தார். தன் முழங்கால் வருத்தத்தோடு கம்பத்துக்குக் கிடங்கு கிண்ட ஏலாது என்றார். மறுநாள் பிறக்கிராசியார் எழுத்தில் அனுமதி கேட்டார். ‘கிடங்கு கிண்டும் நோக்கத்துக்காக மட்டும்’ என்று கந்தையர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். எட்டு அடி தூரத்துக்கு நான்கு கடிதம் சுமந்தவன் நான்.

அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒழுங்கையைச் சுற்றி, படலையால் வந்து எதிராளியின் காணியில் பிறக்கிராசியார் கிடங்கு கிண்டினார். கம்பத்தைத் தூக்கி நிறுத்தக் கந்தையர் தள்ளி நின்று நேர் பார்த்தார்.

“மச்சான், கொஞ்சம் கிழக்காலை சரி.”

பத்தொன்பது வருடத்தில் முதல் வார்த்தை. பிறக்கிராசியார் கம்பத்தைக் கிழக்கே சரித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“மாஸ்ரர், உதை எழுதிப்போடாதேங்கோ.”

அன்று பின்னேரம் ஆறு மணிக்குப் பன்னிரண்டு வீட்டிலும் பல்ப் எரிந்தது. பிள்ளைகள் கூவின சத்தம் உரும்பிராய்வரை கேட்டிருக்கும்.

உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவை நான் சரியாகக் கவனித்தது அதன் பிறகுதான். வயர் வேலியில் முட்டுகிறதா என்பதை இரு பகுதியாரும் மாதத்தின் முதற் சனிக்கிழமை நேரில் சமுகமளித்துப் பார்வையிட வேண்டும், செயலாளர் குறிப்பெடுக்க வேண்டும் என்று இருந்தது. வயரை அண்ணாந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. இவர் வேலிக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டார், அவர் அந்தப் பக்கம். ஓட்டைக்குள்ளால் வடைத் தட்டு போய்வந்தது. அதை உடன்படிக்கை தடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதர் கறண்டுக்காகப் பதினான்கு பிரிவு எழுதவில்லை. தனக்கு ஒரு தவணை வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு வருடம் ஒரு தவணையும் தவறவில்லை. பிறகு மகன்மார் கூப்பிட்டு, கந்தையர் கிளாலியால் வள்ளமேறிக் கொழும்புக்கும் அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டார். பன்னிரண்டு வீடு பதினொன்றானது. மில்காரர் எஞ்சினை நிறுத்தப்போவதாகச் சொல்லி அனுப்பினார். பிறக்கிராசியார் அந்தப் பங்கையும் தானே ஏற்றுக்கொண்டார். தன் பக்கத்துக் கம்பத்தில் ஒரு சுவிச்சைப் பூட்டி, ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அதைப் போட்டார். கந்தையரின் விறாந்தையில், ஆளில்லாத வீட்டில், பல்ப் எரிந்தது. தொடுப்பு மூன்று மாதம் எரியாமல் கிடந்தால் உடன்படிக்கை காலாவதியாகிவிடுமாம். பதினான்கு பிரிவிலும் அப்படி ஒன்றும் இல்லை. நான் சொல்லிக் காட்டவில்லை.

முதற் சனிக்கிழமைகளில் சேட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். நான் போவேன். எதிராளி சமுகமளிக்கவில்லை, தவணை என்று எழுதச் சொல்லுவார். எதிராளி மூன்று தரம் வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வாங்கலாமே அண்ணை என்று ஒருநாள் பகிடிக்குக் கேட்டேன். அவர் மறுபடியும் தவணை என்றே எழுதச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை யாரோ கையில் கொடுத்துவிட்ட கனடாக் கடிதத்தோடு போனேன். கந்தையர் எனக்கு எழுதியிருந்தார். தனக்கு இனித் திரும்பி வர ஏலாது, வழக்கில் தான் தோற்றதாகவே இருக்கட்டும், முக்கால் முழம் என்ன முழு வேலியையும் மச்சான் எடுக்கட்டும் என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன். இருபது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த வெற்றி. பிறக்கிராசியார் கடிதத்தை வாங்கி மடித்தார்.

“உது செல்லாது மாஸ்ரர். வழக்கை விட்டுக்குடுக்கிறதெண்டால் அவன் நேரை வந்து சொல்லவேணும். வரட்டும். வந்து சொல்லட்டும்.”

கடிதத்தை என்னிடமே திருப்பித் தந்தார். சந்திப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ச் சுவிச்சைப் போட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் எரிகிற பல்ப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லாமலே நான் அடுத்த தவணைத் திகதியை எழுதினேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. மில் போனது, வயர் போனது, பிறக்கிராசியாரும் இப்போது இல்லை. இருந்தாலும், அந்த வேலி வழக்கு என்னவாயிற்று என்று யாராவது கேட்டால், அது இன்னும் நடக்கிறது என்றுதான் இன்றைக்கும் சொல்லி வருகிறேன்.