உம் கொட்டும் டப்பா

இனிமேல் மனைவி பேசுவதில் ஒரு சொல்லுக்குக்கூட உம் கொட்டாமல் விடக் கூடாது என்று ஒற்றர் தீர்மானம் செய்தார். தாமே கொட்ட வேண்டும் என்று தீர்மானத்தில் இல்லை.

ஒற்றர் என்றால் உளவாளி அல்ல. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். விட்டுப்போன ஒற்றெழுத்து க், ச், த், ப் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துச் செருகுவதில் சமர்த்தர் என்பதால் அங்கே வைத்த பட்டப்பெயர் அது. ஊரார் பிழை அத்தனையும் அவர் கண்ணில் படும். அவருடையதைக் கண்டுபிடிக்க வீட்டில் ஆள் இருந்தது.

மனைவி தையல்காரி. சாயங்காலமானால் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைப்பாள். கால் ஒரு மெஷினை ஓட்டும், வாய் தன்பாட்டுக்கு ஓடும். முன்னறை நாற்காலியில் இருக்கும் ஒற்றர் இடையிடையே குரல் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் கால் நின்றுவிடும்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"ரவிக்கை... கை ஏதோ..."

"கை போன வாரம் முடிஞ்சுது. இப்ப கழுத்து."

கழுத்து என்பது ஒற்றருக்கும் நன்றாகவே உறைத்தது.

அதே நேரத்தில் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் சதுரங்கப் பலகையை விரித்துக்கொண்டு காத்திருப்பார். தோற்பதில் அவரைப் போல உத்தமர் கிடையாது. உலகத்தில் ஒற்றரிடம் தோற்கிற ஒரே மனிதர். அவரை எப்படிக் காக்க வைப்பது?

ஒற்றர் எலக்ட்ரானிக் சாமான் கடைக்குப் போனார். குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சில்லு ஒன்று, மிளகளவு மைக், இரண்டு பொத்தான், ஒரு பேட்டரி வாங்கினார். செத்துப்போன ரேடியோவின் வயிற்றைக் கிழித்து ஸ்பீக்கரை எடுத்தார். கம்பிகளைப் பற்றவைக்கும்போது கட்டைவிரலையும் சேர்த்துப் பற்றவைத்தார். எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடைத்தார். ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் டப்பா பிடித்துக்கொள்ளும். இன்னொன்றைத் தட்டினால் பேசியதையே திருப்பிச் சொல்லும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நிறுத்தும்வரை அலுக்காது. இந்தக் குணம் இந்த வீட்டுக்குப் புதிதல்ல என்று ஒற்றர் சொல்லிக்கொண்டார். மனதுக்குள்தான்.

முதல் சோதனையில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒட்டி உட்கார்ந்ததில் டப்பா கீச்சென்று ஊளையிட்டது.

"என்னங்க சத்தம்?"

"ரேடியோவை ரிப்பேர் பண்றேன்."

"எதுக்கு அதையும் கத்த வைக்கிறீங்க?"

மைக்கை நகர்த்திவிட்டுக் குரலைப் பதிய உட்கார்ந்தார். குளியலறையில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. கடைசியில் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, உருக்கமாக, "ம்ம்... அப்படியா... சரி, அப்படியே செய்யலாம்... அப்புறம்?" என்றார். நடுவில் பூச்சிமருந்து உருண்டை வாடையில் ஓர் இருமல் வந்தது. இருமல் இருந்தால்தான் நிஜம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார். கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றுகூட அவர் இத்தனை அக்கறை காட்டியதில்லை.

மறுநாள் சாயங்காலம் டப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஒற்றர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். திரும்பி வந்தபோது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது, பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகமே வரவில்லை. அன்றிலிருந்து மருந்துக்கடைக்காரர் தினமும் தோற்றார். ஒற்றருக்குக் கொஞ்சம் சதைகூடப் போட்டது.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்.

"அண்ணன் ஞாயித்துக்கிழமை வர்றார். அவங்க வீட்ல தரையைப் பேர்த்துப் போட்டிருக்காங்களாம். ஒரு மாசம் இங்கதான்."

மனைவியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அவர் வண்டியில் எல்லாவற்றுக்கும் பிரேக் உண்டு, அவர் வாயைத் தவிர. ஒற்றர் கையிலிருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது.

"யாரைக் கேட்டு வரச் சொன்னே?"

"உங்களைக் கேட்டுத்தான். 'சரி, அப்படியே செய்யலாம்'னீங்களே. ஃபோன்ல அண்ணன் காதுலயும் விழுந்துது. மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு அவர் உருகிப்போயிட்டார்."

சொல்லவில்லை என்றால் நாற்காலியில் இல்லை என்றாகும். இல்லை என்றால் எங்கே என்ற கேள்வி வரும். ஒற்றர் தண்ணீர் குடித்தார்.

"ஆமா. சொன்னேன்."

"உங்க கட்டிலை அவருக்குக் குடுத்துட்டுத் தரையில படுக்கறேன்னும் ஒத்துக்கிட்டீங்க."

"அது நான் சொல்லலை."

"இருமிக்கிட்டே சொன்னீங்க. காலையில பாத்திரம் தேய்க்கிறதுக்கும் சரின்னீங்க."

முதுகுக்குத் தரை, கைக்குப் பாத்திரம். இனி மறைத்து ஆவதொன்றுமில்லை. ஒற்றர் உண்மையைக் கக்கினார்.

"அது நானில்லம்மா. டப்பா."

"தெரியும்," என்றாள் அவள், இன்னொரு கரண்டி சாதம் வைத்தபடி. "முதல் நாளே தெரியும். நான் சொல்லி முடிச்சதும் 'அப்புறம்?'னு கேட்டுது. கல்யாணமான நாள்லேருந்து நீங்க அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு ஓடிவந்து பார்த்தேன். சோப்பு டப்பா பேசிட்டிருந்துது."

"அப்ப அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடு."

"ஃபோன் போட்டுத் தர்றேன், நீங்களே சொல்லுங்க. வரச் சொன்னது சோப்பு டப்பா, நான் காயை நகர்த்திட்டிருந்தேன்னு."

ஒற்றர் சொல்லவில்லை. மச்சான் இரண்டு பெட்டிகளோடு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். ஒற்றரின் நாற்காலியில் அமர்ந்தார். எதிரே முக்காலியில் ஒற்றரை அமர்த்தினார். சாவி போடுவது எப்படி என்பதிலிருந்து தொடங்கினார். உள்ளறையிலிருந்து மட்டும் தங்கையின் குரல் பாசமாக வந்துகொண்டிருந்தது.

"ஆமாண்ணா... அப்படியா... அவர்கிட்டயே சொல்லுங்க, அவருக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

உம் கொட்டிக் கொட்டி ஒற்றருக்கு நாக்கு வறண்டது. உள்ளேயிருந்து அதே பாசம் மறுபடி வந்தது. இன்னொரு தடவையும் வந்தது. அதே சொல், அதே இடைவெளி, அதே இழுப்பு. ஒற்றருக்குச் சுரீரென்றது. எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தார். தையல் மெஷினுக்கு முன்னால் யாருமில்லை. நூல்கண்டுக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா தங்கையாக வாழ்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே கீழ்வீட்டிலிருந்து மருந்துக்கடைக்காரர் மனைவியும் ஒற்றருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொருத்தியும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

"எங்க மாப்பிள்ளை எழுந்து போயிட்டீங்க?" என்றார் மச்சான் முன்னறையிலிருந்து. "நான் இன்னும் கிளட்ச்சுக்கே வரலையே."