முப்பதாவது பிழை

மீசை அஃறிணை என்று இலக்கணம் சொல்லும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ரப்பர் தோட்டப் பள்ளியில் நானும் அவ்வாறே கற்பித்தேன். ஆனால் என் மீசையை மட்டும் மனத்துக்குள் உயர்திணையாகவே வைத்திருந்தேன். அது என்னோடு பணியில் சேர்ந்தது. என்னோடு ஓய்வு பெற்றது. பெடாஸ் வட்டாரத்தில் 'மீசை வாத்தியார்' என்றால் அது கணேசமூர்த்தியாகிய நான் ஒருவனே. மாதம் இருமுறை முடிதிருத்தும் ஆறுமுகம் வந்து அதன் ஓரங்களைச் சீர்செய்வார். அதற்கு மேல் அவர் கத்திக்கு அதிகாரம் கிடையாது.

அத்தகைய மீசையைப் பணயமாக வைத்து, 1990ஆம் ஆண்டில், தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் நான் ஒரு சூளுரை செய்தேன்.

"நீட்டிப்பு உத்தரவாதத் தாளில் என் கையொப்பம் விழுந்தால், இந்த மீசையை மழித்துக்கொள்வேன்!"

கேட்டவர் எழுவர். அவர்களுக்குத் தலைவர், என் பக்கத்து வீட்டுக்காரரும் முன்னாள் மண்டோருமாகிய சன்னாசி. நாற்பது ஆண்டுகள் பால்மரக் காட்டில் ஆட்களை மேய்த்தவர். அவர் என் மீசையை ஒருமுறை மேலும் கீழும் அளந்துவிட்டு, "வாத்தியாரே, நல்லா யோசிச்சுட்டீங்களாலா?" என்றார்.

"யோசித்துவிட்டுத்தான் பேசுவேன். பேசிவிட்டு யோசிக்கும் வழக்கம் எனக்கு இல்லை" என்றேன்.

வந்த வினையை விளக்கிவிடுகிறேன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு புதிய வெள்ளைக் கார் வாங்கியிருந்தேன். அதைச் சிரம்பானில் எனக்கு விற்றவன் இராஜமாணிக்கம். என் முன்னாள் மாணவன். வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் ஆறாம் ஆண்டு முடியும்வரை வேறுபாடு காணாத சமத்துவவாதி. முதல் ஓராண்டுக்கு ஏதேனும் பழுதானால் நிறுவனமே செலவை ஏற்கும் என்றான். அறுநூறு வெள்ளி கூடுதலாகக் கட்டினால், மேலும் ஈராண்டுக்கு அதே உத்தரவாதத்தை நீட்டித்துத் தருவதாகவும் சொன்னான்.

நான் மறுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் இல்லாள் பஞ்சாலை தொடங்கினாள்.

"என்னங்க, அதையும் போட்டுடலாம்லா. புதுக் காடி. மலை மேடுன்னு சுத்தப் போறோம்."

"'காடி' என்றால் புளித்த நீர். நாம் வாங்கியது கார்."

"கார்னா மேகம்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

"அது பழந்தமிழ்ப் பொருள்."

"மேகத்துக்கு நாலு சக்கரம் இருக்கலாம், காடிக்கு இருக்கக் கூடாதா? சரி, மேகம்னே வெச்சுக்குங்க. அது நடுவழியில நின்னு மழை கொட்டினா யாரு செலவு பண்றது?"

நான் எழுந்து நின்றேன். முக்கியமான வாதங்களை நின்றுகொண்டு சொல்வதே என் வழக்கம்.

"பஞ்சாலை, கவனி. கார் பழுதடையும் என்று விற்பவனே அஞ்சினால், அதை நாம் ஏன் வாங்கினோம்? பழுதடையாது என்றால், அறுநூறு வெள்ளி எதற்கு? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் தோற்கிறான். 'பழுது பார்ப்போம்' என்று வேறு சொல்கிறான். பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருப்பான். நீட்டிப்பு என்பது முதலில் நாம் கையை நீட்டிக் கொடுப்பது. பிறகு அவன் நாளை நீட்டிக்கொண்டே போவது."

"குடை வாங்கினவங்க, மழை வரலியேன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கா போறாங்க?"

"சொல்லைப் பிரித்துப் பார். உத்தரம், வாதம், உத்தரவாதம். உத்தரம் என்றால் விடை."

"எனக்குத் தெரிஞ்சு உத்தரவு, வாதம். உத்தரவு நான் போடணும். வாதம் நீங்க பண்ணிக்கிட்டே இருக்கலாம்."

இந்தப் பகுப்பு இலக்கணப்படி தவறு என்பதை அரைமணி நேரம் விளக்கினேன். அவள் பேச்சை நிறுத்தினாள். மனைவி பேச்சை நிறுத்தினால் கணவன் வென்றான் என்று நான் பொருள் கொண்டேன். அந்தப் பொருள்கோள் தவறு என்பது அப்போது எனக்குத் தெரியாது. வெற்றிக் களிப்பில் கோயிலுக்குப் போனேன். சூளுரை செய்தேன்.

இரு வாரங்கள் கழிந்தன. பஞ்சாலை சிரம்பானுக்குப் பேருந்தில் போய் வந்தாள். காய்கறிக் கூடையிலிருந்து, வெங்காயத் தாளுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே, தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தாள்.

"இராஜமாணிக்கம் கொடுத்தான். தோட்டத்துச் சனங்களுக்காக அந்த நீட்டிப்புத் தாளைத் தமிழ்ல அடிச்சிருக்கானாம்."

"அந்தத் தாளா? எடுத்துக்கொண்டு போ! என் கண்ணில் காட்டாதே!"

"நான் ஒண்ணும் கையெழுத்துப் போடச் சொல்லலியே. மேல 'உத்திரவாதம்'னு போட்டிருக்கு. அது சரிதானான்னு கேட்க வந்தேன். வேணாம்னா விடுங்க."

"என்ன போட்டிருக்கிறது?"

"உத்திரவாதம். தி."

என் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடியது. வாசகர்களே, தேளைக் கண்டவன் செருப்பைத் தேடுவது போன்றது அது. உத்தரவாதம் என்று திருத்தினேன். அடுத்த வரியிலேயே 'பழுது பார்த்து கொடுக்கப்படும்' என்றிருந்தது. ஒற்று எங்கே? இட்டேன். 'ஒரு ஆண்டு' என்றிருந்தது. ஓராண்டு ஆக்கினேன். 'கட்டிணம்' என்ற ஒன்று இருந்தது. அதைக் கட்டணமாக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

வியப்பு என்னவென்றால், பஞ்சாலை என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டாள். இருபத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் வல்லினம் மிகும் இடத்தைப் பற்றி அவள் ஆர்வம் காட்டியது அதுவே முதல் முறை. நான் திருத்தத் திருத்த அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"இருபத்தேழு... இருபத்தெட்டு... அடேயப்பா, இதையும் கண்டுபிடிச்சுட்டீங்களே! இந்த வட்டாரத்துல இதெல்லாம் வேற யாருக்குங்க தெரியும்?"

"ஒருவருக்கும் தெரியாது" என்றேன். உண்மையை அடக்கத்துக்காக மறைப்பது என் இயல்பன்று.

"இருபத்தொம்போது. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்லாப் பாருங்க. இன்னும் ஒண்ணு இருக்கும்."

"இராது."

"இருக்கும்ங்க. அவன் உங்ககிட்ட படிச்சவன். இருபத்தொம்போதோட விட்டிருக்க மாட்டான். அடியில பாருங்க."

பார்த்தேன். என்ன கூர்மை அவளுக்கு! தாளின் அடியில், புள்ளிக்கோட்டுக்கு மேலே, 'வாகன உறிமையாளர்' என்றிருந்தது. அந்தப் பழைய றகரப் பகை! வெட்டினேன். 'உரிமையாளர்' என்று எழுதினேன்.

"முப்பது!" என்று பஞ்சாலை கைதட்டினாள்.

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்தி முடித்த தாளில் நான் என்ன செய்வேனோ, அதையே செய்தேன். பேனாவை மூடி வைத்தேன். பஞ்சாலை தாளைக் கூடையில் வைத்தாள். அன்றிரவு எனக்கு வடையோடு பாயசமும் கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணி இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன்.

ஓராண்டு முடிந்தது. காருக்கு ஒரு கீறலும் இல்லை. நிறுவனத்தின் முதல் உத்தரவாதம் முடிந்த நாளில் கோயிலில் தேங்காய் உடைத்தேன். எழுவரும் வந்திருந்தனர். "அறுநூறு வெள்ளியும் மிச்சம், மீசையும் மிச்சம்" என்று அறிவித்தேன். எழுவரும் என் மீசையைப் பார்த்துப் புன்னகைத்தனர். அதை மரியாதை என்று கொண்டேன்.

சன்னாசி மட்டும், "தேங்காய் உடைஞ்சுது வாத்தியாரே. காடி எப்போ?" என்றார்.

"பொறாமை" என்று பஞ்சாலையிடம் சொன்னேன்.

"இருக்கும்ங்க" என்றாள்.

இரண்டு மாதங்கள் கழித்துக் கோலா கிளாவாங்கில் ஒரு பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு என்னைச் சிறப்புரையாற்ற அழைத்திருந்தார்கள். தலைப்பு: 'பிழையற்ற வாழ்வு'. காலை பத்து மணிக்கு விழா. என் வாழ்நாளில் நான் எந்த மேடைக்கும் ஒரு நிமிடம் தாமதமாக ஏறியதில்லை. ஏழு மணிக்கே புறப்பட்டோம். சிரம்பானைக் கடந்து, புக்கிட் தங்கா மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினோம். உச்சிக்குச் சற்றுக் கீழே கார் ஒரு பெருமூச்சு விட்டது. முன்பக்கத்திலிருந்து வெண்ணிறப் புகை எழுந்தது. நின்றது.

"கார்னா மேகம்தான் போலிருக்கு" என்றாள் பஞ்சாலை.

முன்மூடியைத் திறந்தேன். ஆவி அடங்கியது. 'பழுது பார்த்தல்' என்ற தொடரின் நேர்ப்பொருளை அன்றுதான் உணர்ந்தேன். நான் பழுதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பஞ்சாலை குடையை விரித்துக்கொண்டு, சற்றுத் தள்ளியிருந்த மலாய்க்காரர் கடைக்கு நடந்தாள். அங்கே தொலைபேசி இருந்தது. இரண்டு முறை பேசினாள். முதலில் பேசியது யாரிடம் என்று கேட்டேன். "இராஜமாணிக்கத்துகிட்ட" என்றாள். இரண்டாவது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கடிகாரம் எட்டே காலைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அவன் வந்து மட்டும் என்ன செய்வான்? இழுவை லாரிக்கு ஒரு தொகை கேட்பான். பழுதுக்கு ஒரு தொகை கேட்பான். அதற்குள் அங்கே விழா முடிந்துவிடும். என் பெயரைக் கூப்பிடுவார்கள், பஞ்சாலை. நாற்காலி காலியாக இருக்கும்."

அவள் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "உங்க நாற்காலி காலியா இருக்காது. குடிங்க" என்றாள்.

ஒன்பது மணிக்கு இழுவை லாரி வந்தது. அதன் பின்னால் ஒரு காரில் இராஜமாணிக்கம் வந்து இறங்கினான்.

"சார், உங்க காடியை லாரி கொண்டுபோகும். பழுது பார்த்து வீட்டுக்கே அனுப்பிடறோம். நீங்க இந்தக் காடியில ஏறுங்க. நானே ஓட்டறேன்."

"எவ்வளவு?"

"என்ன சார் எவ்வளவு? நீட்டிப்பு இருக்கே. நீங்கதான் எடுத்திருக்கீங்களே."

"நானா? நானா! இராஜமாணிக்கம், உனக்கு என் சூளுரை தெரியாதா? அந்தத் தாளில் என் கையொப்பம்—"

அவன் பணிவோடு ஒரு தாளை நீட்டினான். முப்பது சிவப்புத் திருத்தங்கள். அடியில் 'உரிமையாளர்' என்ற என் திருத்தம். அதற்கு நேர்கீழே, புள்ளிக்கோட்டின் மேல், முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பல்லாயிரம் பயிற்சிப் புத்தகங்களில் விழுந்த அதே வளைவுகளோடு, தேதியும் இட்டு, என் கையொப்பம்!

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தேன்.

"நான் போடச் சொல்லலீங்க" என்றாள். "பிழை இருக்கான்னுதான் கேட்டேன்."

"அறுநூறு வெள்ளி ஏது?"

"யாரு கொடுத்தா? இவன் முதலாளிகிட்ட பேசினேன். தமிழ் சரியா இருந்தாத்தான் தோட்டத்துல நம்புவாங்கன்னு சொன்னேன். திருத்திக் கொடுக்கறேன், ஒரு பிழைக்கு இருபது வெள்ளி, அதை நீட்டிப்புல கழிச்சுக்கணும்னு முடிவு பண்ணினோம். இருபத்தொம்போதோட நீங்க நிறுத்தினப்பதான் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு."

"அந்த முப்பதாவது..."

"முன்னாடியே பார்த்து வெச்சிருந்தேன். முப்பது வருசமா உங்ககூட குடும்பம் நடத்தறேன். ஒரு றகரம் தெரியாதா?"

இராஜமாணிக்கம் கதவைத் திறந்து பிடித்தவாறே, "ரொம்ப உதவியா இருந்துச்சு சார். உங்க கையெழுத்தைக் காட்டினதும் உங்க தோட்டத்துல காடி வெச்சிருக்கற ஏழு பேரும் எடுத்துட்டாங்க" என்றான்.

எழுவர்! ஓராண்டாக அவர்கள் என் மீசையைப் பார்த்துச் சிரித்ததன் பொருள் அந்த மலையுச்சியில் எனக்கு விளங்கியது.

"அம்மாதான் சார் வெளியில சொல்லக் கூடாதுன்னாங்க. காடி கெட்டாத்தான் பேச்சு, கெடலைன்னா மீசை அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்னாங்க."

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு மண்டபத்தில் நுழைந்தேன். பத்து மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி காலியாக இல்லை. ஒரு மணி நேரம் பேசினேன். ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. முதல் வரிசையில் பஞ்சாலை கைதட்டினாள். அவள் தட்டிய விதத்தில், அவளை மணந்தவன் நான் என்று மேடையிலேயே எனக்கு ஒரு கர்வம் வந்தது. அதை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டேன்.

மாலையில் வீடு திரும்பினோம். வாயிற்கதவருகே எழுவரும் நின்றிருந்தார்கள். செய்தி எங்களை முந்திவிட்டது.

"வாத்தியாரே, காடி படுத்துடுச்சாமே. கையெழுத்து எழுந்துடுச்சாமே" என்றார் சன்னாசி. "மீசை?"

திரும்பி வரும் வழியெல்லாம் நான் இதற்காகவே ஆயத்தம் செய்திருந்தேன். நிமிர்ந்து நின்றேன்.

"சன்னாசி, இலக்கணம் கேளும். 'இட்டேன்' என்பது தன்வினை. ஒருவர் பிறரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பது பிறவினை. இங்கே கையொப்பத்தை நான் இடவில்லை. பஞ்சாலை என்னைக் கொண்டு இடுவித்தாள். எனவே அந்த வினைக்கு உரியவள் அவளே. சூளுரை அவளையே சாரும். அவளுக்கோ மீசை கிடையாது. வழக்கு முடிந்தது!"

சன்னாசி தலையைச் சொறிந்தார். நாற்பது ஆண்டு மண்டோர் வேலையில் அவர் சந்திக்காத இடம் இது. நான் மீசையின் இரு முனைகளையும் முறுக்கிவிட்டேன். இலக்கணம் கற்றவன் எந்நாளும் கெடுவதில்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

பஞ்சாலை பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"ரொம்பச் சரிங்க. அப்போ மழிக்கிறதும் பிறவினையாவே இருக்கட்டும். கடையிலேருந்து ரெண்டாவதா பேசினது ஆறுமுகத்துகிட்டதான், கத்தியைத் தீட்டிக்கிட்டுப் பின்வாசல்ல உட்கார்ந்திருக்காரு."