தைரியம் சொல்ல வந்தவர்கள்

கத்தரிக்காயைக் கையால் பிய்த்துக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள் வளர்மதி. அரிவாள்மணை, கத்தி, கிணற்றுக் கயிறு, பூச்சிமருந்து எல்லாம் கொல்லையில் கோழிக்கூண்டுக்குள் பூட்டிக் கிடந்தன. இடமிழந்த கோழிகள் பக்கத்து வீட்டில் முட்டையிட்டன.

எல்லாம் புருஷன் குருமூர்த்திக்காக. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். சர்க்கரை நோயில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திருமானூர் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பேச்சே இல்லை. இந்த மனுஷன் ஏதாவது செய்துகொள்வான் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை, கண் மூட முடியவில்லை.

அவனுக்குத் தைரியம் சொல்ல அவன் பெரியப்பா செல்லப்பனைக் குடும்பத்தோடு வரவழைத்தாள். வாசலிலேயே மறித்தாள்.

"மாமா, காலப் பத்தி மட்டும் பேசிடாதீங்க."

"நான் ஏம்மா பேசப் போறேன்?"

உள்ளே போனார்கள். காலைத் தவிர அவர்களுக்குப் பேச ஒன்றுமில்லை. விட்டத்தைப் பார்த்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். எழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும்.

வளர்மதி செல்லப்பனை அடுப்படிக்கு இழுத்தாள். "அவரு சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க மாமா."

அவர் போய், சின்ன வயதில் குருமூர்த்தி பனைமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்திய கதையை ஆரம்பித்தார். இவன் இனிமேல் மரமே ஏறமாட்டான் என்பது பாதியில் உறைக்க, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அவரே அழ ஆரம்பித்தார். குடும்பமும் சேர்ந்துகொண்டது. குருமூர்த்திதான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"தண்ணி குடிங்க பெரியப்பா."

இவர்கள் இருந்தால் ஆபத்து என்று கிளப்பிவிடப் பார்த்தால், செருப்புகளைக் காணோம். வாசலில் ஜோடி ஜோடியாகக் கிடப்பதைப் பார்த்தால் அவன் மனசு உடைந்துவிடுமே என்று வளர்மதிதான் காய்ந்த கரும்புச் சோகைக் குவியலுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். தெருநாய் அதைக் கிளறி, ஆளுக்கு ஒரு செருப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது.

தார் ரோடு கொதித்தது. செல்லப்பன் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார். பின்னால் குடும்பமே நொண்டியது. ஜன்னல் வழியாகக் குருமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்தான். வளர்மதிக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம்போல் இருந்தது.

"நீ சாப்பிட்டியா?" என்றான்.

கல்யாணமானதிலிருந்து அவன் ஒருநாளும் கேட்காத கேள்வி. போகப்போகிறவன்தான் இப்படியெல்லாம் கேட்பான் என்று அவளுக்குப் பட்டது. கொல்லைக்கு ஓடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எதைச் செய்தாலும் கெட்டுப்போகிறதே, இனி என்னதான் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே அவன் போனில் பேசுவது கேட்டது.

"மேடம், இன்னிக்கே வந்துடுங்க. நெலம சரியில்ல."

சாயங்காலம் பானுப்ரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி மனசைத் தேற்றுவது அவள் வேலை. வளர்மதி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்புடியாச்சும் அவரைக் காப்பாத்திடுங்க மேடம். அவரை விட்டா எனக்கு யாருமே இல்ல."

குருமூர்த்தி ஊன்றுகோலை எடுத்தான். மெல்ல எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான். பதறிப்போய் வளர்மதி பின்னாலேயே ஓடப்பார்த்தாள். பானுப்ரியா அவள் கையை விடவில்லை.

"உக்காருங்கக்கா. இதே வார்த்தையத்தான் அவரும் போன்ல சொன்னாரு, உங்களப் பத்தி."