தீவுச் செடிக்கு மஞ்சள் நீர் வேண்டாம்

செங்கல்பட்டு

படாளம் சதாசிவம் மாமாவுக்கு, சங்கரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்கள், அத்தை, கன்று போட்ட மாடு எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

மாமா, நான் ஒரு புதுச் செடியைக் கண்டுபிடித்திருக்கிறேன்! உலகத்தில் இன்னும் யாரும் பெயர் வைக்காதது என்று எங்கள் பேராசிரியை லதா மேடம் நினைக்கிறார். கடப்பாக்கம் கழிமுகத்துத் தீவில், நாவல் மரத்தடிச் சருகுக்குள், விரல் உயரத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. இலையே இல்லை. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சைதான் அதற்குச் சோறு போடுகிறது. பூ விரிந்தால்தான் எந்த வகை என்று தீர்மானித்துப் பெயர் வைக்க முடியும். இருப்பதோ ஏழே செடி, எல்லாம் மொட்டு. யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சுற்றிக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம், பதினைந்து பெண்கள், ஒரு அக்கா குடம் நிறைய மஞ்சள் நீரை ஊற்றுகிறார், நான்கு செடி நனைந்தே விட்டது, மஞ்சள் பூஞ்சைக்கு ஆகாது, பூஞ்சை போனால் செடி பட்டினி. என்னை ஏற்றி வந்த படகுக்கார அப்பாசாமி அண்ணனின் காதில் மட்டும், "ஊத்த வேணாம்னு சொல்லுங்கண்ணா" என்றேன்.

"இன்னாம்மா நீ! குச்சி நட்டு, துணி கட்டி, சாமிய காட்டிக் குட்த்ததே நீதான். எல இல்லாம தானா மொளச்சிகீது, சாமி இல்லாம இன்னா? நான் சொன்னா என்னத் தூக்கித் தண்ணில போட்ருவாங்க. நீயே சொல்லு."

இரண்டாவது குடம் வந்தது. என் தலைமுடி அவிழ்ந்தது. நான்தான் அவிழ்த்தேன். ஆடினேன் மாமா! "எனக்கு மஞ்சத்தண்ணி வேணாம்டி! மூணடிக்குள்ள எவளும் வரக் கூடாது!" மூன்றடி என்பது மேடம் சொன்ன அளவு. குடங்கள் இறங்கின. அப்பாசாமி அண்ணனே என் காலில் விழுந்து, தன் மகளுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டார். "தை" என்றேன். அது மட்டும் உத்தேசம்.

வாய் திறக்காத பெண் ஆராய்ச்சி எப்படிச் செய்யும் என்று கேட்டீர்களே, நனையாத மூன்று செடியையும் வாய் திறந்துதான் காப்பாற்றினேன். அத்தைக்கு வணக்கம். மாட்டுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
சங்கரி

பி.கு.: இன்று காலை, இதைத் தபாலில் போடும் முன், தீவுக்குப் போனேன். நான் காப்பாற்றிய மூன்றும் காய்ந்துவிட்டன. மஞ்சள் நீரில் குளித்த நான்கும் பூத்திருக்கின்றன! மழை இல்லாத மண்ணுக்குத் தண்ணீர்தான் தேவைப்பட்டதாம். மேடம் விதையும் கேட்கிறார், அதற்கும் தண்ணீர் வேண்டும். சாமியே வேண்டாம் என்று சொன்ன பிறகு தீவில் யாரும் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன் என்கிறார்கள், என்னையும் ஊற்ற விடுவதில்லை. ஆகவே வரும் வெள்ளிக்கிழமை எனக்கு மறுபடியும் சாமி வர வேண்டியிருக்கிறது. பிடித்துக்கொள்ள ஆள் தேவை. அவசியம் வரவும்.