எம்.பி.யின் பெயரில் நான் கொடுத்த வாக்குறுதிகள்

கொழும்பில் ஒருவன் சிங்களத்தில் நன்றாகச் சண்டை பிடித்தால், அவனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று எங்கள் சனம் முடிவு கட்டிவிடும். பச்சைப் பொய். சண்டைக்கு வேண்டிய சிங்களம் வேறு. அதில் நான் சூரன். நான் இறங்கி முடியும் முன் பஸ்ஸை எடுத்தால் கண்டக்டரின் பரம்பரையையே சிங்களத்தில் விசாரிப்பேன். பேலியகொடைச் சந்தையில் பழைய மீனைத் தலையில் கட்டப் பார்த்தவன் அடுத்த முறை என்னைக் கண்டதும் கூடையை மூடுவான். ஆனால் மரியாதையாக, அமைதியாக, ஒரு முழு வசனம் பேசச் சொல்லுங்கள். வேர்த்துக் கொட்டும். (வேர்வையைச் சிங்களத்தில் என்ன சொல்வது என்றும் தெரியாது.)

இந்த உண்மை எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழு லேனுக்கும் தெரிந்துபோனது.

நான் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் குடியிருக்கிறேன். பக்கத்துக் காணியில் புது மாடி எழுப்பிய கொந்தராத்துக்காரன் மிஞ்சிய சீமெந்துக் குழம்பை எல்லாம் எங்கள் லேன் ஓரமாக மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் ஊற்றிவிட்டுப் போய்விட்டான். அது இறுகிக் கல்லாகிவிட்டது. அதன் பிறகு பெரிய மழை பெய்தால் போதும், தண்ணீர் போக வழியில்லாமல் என் வீட்டு வாசலால் உள்ளே வரும். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிறவன் வீட்டில் செருப்பு மிதந்தது. குளிர்சாதனப் பெட்டியைக் கொங்கிறீட் கற்களுக்கு மேலே தூக்கி வைத்தோம். மகள் அபி ஐஸ்கிறீம் எடுக்க முக்காலியில் ஏறினாள்.

என் மனிசி சாந்தி அதிகம் பேசமாட்டா. பேசினால் தீர்ப்புத்தான்.

“இஞ்சேருங்கோ, இன்னொருக்கா தண்ணி உள்ளுக்கு வந்தால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஹெந்தளைக்கு அக்கா வீட்டை போயிடுவன். நீங்கள் இஞ்சை தனிய நீந்துங்கோ.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பை ஒன்றைத் தட்டி வெயிலில் காயப் போட்டு, உடுப்பும் அடுக்கத் தொடங்கியிருந்தா. மழைக்காலம் கிட்ட நின்றது.

அந்த நேரத்தில்தான் எம்.பி. வருகிறார் என்ற செய்தி வந்தது. பாராளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதிக்குள் லேன் லேனாகப் போய், “நான் அங்கே இருந்து என்ன செய்தேன்” என்று கணக்கு ஒப்புவிப்பது அவரது புது வழக்கம். நல்ல வழக்கம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். எங்கள் லேன் நலன்புரிச் சங்கம் இதையும் தன் ஒன்றுகூடலோடு சேர்த்துவிட்டது. மாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள். புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குப் பரிசு, கண் பரிசோதனை முகாம் பற்றிய அறிவித்தல், டெங்கு ஒழிக்க லேனைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு வராதவர்களுக்குப் பேச்சு, நாலாம் மாடிப் பூனையைக் காணவில்லை என்ற துயரச் செய்தி. இவ்வளவுக்கும் நடுவில் எம்.பி.

எம்.பி.க்குச் சிங்களம் மட்டும்தான். மொழிபெயர்க்க நசீர் நானா ஒத்துக்கொண்டிருந்தார். காலி வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர். மூன்று மொழியும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. எம்.பி. எப்போதும் போலப் பிந்தினார். மஃரிப் தொழுகை நேரம் வந்துவிட்டது. “தொழுதிட்டு ஓடி வாரன்” என்று நானா பள்ளிவாசலுக்குப் போனார். அவர் முதுகு மறைந்ததும் எம்.பி. வந்து இறங்கினார்.

சங்கச் செயலாளர் பரிமளம் டீச்சர் சுற்றிப் பார்த்தா. கண் என்னில் நின்றது.

“ஜெகன் தம்பி, நீர்தானே அண்டைக்குச் சீமெந்து லொறிக்காரனோட சிங்களத்தில அந்த மாதிரிக் கதைச்சனீர்? எழும்பி வாரும்.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மைக்கைக் கையில் தந்தால் எந்த மடையன் திருப்பிக் கொடுக்கிறான்?

எம்.பி. கும்பிட்டார். பேசத் தொடங்கினார். ஐயோ, அது என்ன சிங்களம்! பாராளுமன்றச் சிங்களம். அதில் எனக்குத் தெரிந்த ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை. பாராளுமன்றம், மழை, கான். இந்த மூன்றும் பிடிபட்டன. மிச்சம் எல்லாம் காற்று. நெடுநேரம் பேசிவிட்டு நிறுத்தி, சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எம்.பி.க்கு உங்களையெல்லாம் கண்டது சந்தோஷமாம்” என்றேன்.

டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தா. “அவ்வளவு நேரமும் அதையோ சொன்னவர்?”

“ஓம் டீச்சர். பெரிய சந்தோஷம்.”

பின்வரிசையில் இருந்த பெடியள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த துண்டுக்கு எம்.பி. இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். கான் என்ற சொல் மறுபடி வந்தது. வேறென்ன வேண்டும்?

“எங்கட லேன் கானை வெட்டி இவ்வளவு அகலமாக்கித் தரப்போறாராம்!”

கைதட்டு என்றால் அப்படி ஒரு கைதட்டு. முன்வரிசைக் கிழவர்கள் எழும்பி நின்று தட்டினார்கள். எம்.பி. நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. மோட்டர் ஓடினால் யார் தட்டுவார்கள்? ஓடாவிட்டால்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

பிறகு நான் நிறுத்தவில்லை. மழைக்கு முன்னமே வேலை முடியுமாம். சீமெந்து ஊற்றினவனை விடமாட்டாராம். கானுக்கு மேலே புது மூடி போடுவாராம். அவர் வாயைத் திறந்து மூட, நான் ஒரு வாக்குறுதி. சனம் தட்டத் தட்ட எம்.பி.க்கும் உற்சாகம் கூடிவிட்டது. பாவம், பாராளுமன்றத்தில்கூட அவருக்கு இப்படி யாரும் தட்டியிருக்கமாட்டார்கள். கடைசியில் ஒரு பேச்சு மயக்கத்தில், பூனையையும் தேடித் தருவாராம் என்றேன். பின்வரிசையில் அபி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். மேடைக் கூச்சம் தகப்பனுக்கு இல்லை, பிள்ளைக்கு இருக்கிறது என்று நினைத்தேன். (மடையன்.)

இதற்கிடையில் நசீர் நானா திரும்பி வந்து, மரியாதையாக வெளி வாசலிலேயே நின்றிருக்கிறார். எம்.பி. மைக் இல்லாமல் பேசியது அவ்வளவு தூரம் எட்டவில்லை, அவர் காதில் விழுந்தது மைக்கில் வந்த என் தமிழ் மட்டும்தான். மனிசன் நெகிழ்ந்துபோனார். நன்றியுரை நேரம் டீச்சர் அவரைக் கூப்பிட, மைக்கை வாங்கினார். நானா சிங்களம் பேசினால் வானொலியில் செய்தி வாசிப்பது போல இருக்கும். கானை அகலமாக்குவதற்கு நன்றி. மழைக்கு முன் முடிப்பதற்கு நன்றி. புது மூடிக்கு நன்றி. ஒவ்வொன்றாக, ஒன்றும் விடாமல், எம்.பி.யின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

எம்.பி.யின் சிரிப்பு மெல்ல இறங்கியது. “நான் எப்போது அப்படிச் சொன்னேன்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்தப் பின்னேரம் எனக்கு முழுசாக விளங்கிய முதல் வசனம் அதுதான்.

“என்ன ஜெகன், நீங்க தானே இப்ப சொன்னீங்க?” என்றார் நானா. மைக் திறந்தபடி இருந்தது. எம்.பி. அவரிடம் ஏதோ விளக்கினார். நானாவின் கண் பெரிதாகியது. “அல்லாஹ்! கான் வேலை மாநகரசபைக்குரியது, பாராளுமன்றத்தில இருந்துகொண்டு தன்னால ஒண்டும் செய்ய ஏலாது எண்டுதானாம் இவர் இவ்வளவு நேரமும் சொன்னது!”

“அப்ப கையை விரிச்சது?” என்று டீச்சர் கேட்டா.

“ஏலாது எண்டு விரிச்சதாம்.”

எல்லாக் கண்ணும் என்னில். இன்னொருவன் என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பான். எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். எம்.பி.யைப் பார்த்து, கண்டக்டருக்குப் பேசுகிற அதே சிங்களத்தில், மரியாதைச் சொல் ஒன்றும் இல்லாமல் கொட்டினேன். நீ பேசியது எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. என் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. மனிசி பிள்ளையோடு போகப் போகிறாள். பாராளுமன்றமோ மாநகரசபையோ, தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆம்பிளை என்றால் வந்து பார்!

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அவ்வளவு சரளம்.

எம்.பி.யோடு வந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். எம்.பி. கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு, “யமு, பலன்ன” என்றார். போய்ப் பார்ப்போம் என்று அர்த்தம். இதையாவது நம்புங்கள்.

முழுக் கூட்டமும் என் வீட்டுக்கு நடந்தது. அரசியல்வாதியைக் கண்டால் தலையிடி என்று சாந்தி கூட்டத்துக்கு வரவில்லை. ஹவுஸ்கோட்டோடு, தலைக்கு எண்ணெய் அப்பிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தா. கதவைத் திறந்தால் எம்.பி., நானா, டீச்சர், பின்னால் லேன்.

“ஆரையப்பா கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்?”

“எம்.பி.யை.”

அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டா. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “இப்பதான் நிலம் துடைச்சனான்! எம்.பி. எண்டாலும் காலைக் கழுவிட்டு வரச் சொல்லுங்கோ!”

நானா சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்க்கிறவர். அதையும் மொழிபெயர்த்தார். எம்.பி. வெளியே போய், குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வந்தார்.

சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைத் தடவிப் பார்த்தார். கல்லுக்கு மேலே நின்ற குளிர்சாதனப் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். கான் மூடியைத் தூக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நானாவிடம் ஏதோ சொன்னார். நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “நாளைக்கு மாநகரசபைக்கு இவரே வாராராம். நாம ரெண்டு பேரும் வரணுமாம். ஆனா ஜெகன், நீங்க அங்க வாய் திறக்கக் கூடாதாம்.”

திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே ஒரு மர வாங்கில் குந்தியிருந்தேன். எம்.பி. பேசினார், நானா பேசினார், பொறியியலாளர் வந்து பார்த்தார். மழைக்கு முன் சீமெந்தை உடைத்து எடுத்தார்கள். அகலமாக்கவில்லை. புது மூடி போடவில்லை. சீமெந்து ஊற்றினவன் இன்றைக்கும் காரில் கையசைத்துக்கொண்டுதான் போகிறான், அவன் நாசமாய்ப் போக. ஆனால் மழை வந்தபோது தண்ணீர் போக வேண்டிய வழியால் போனது. நானும் சாந்தியும் வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டு அதைப் பார்த்தோம். அதைவிட நல்ல காட்சி எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பைக்குள் இருந்த உடுப்பை மனிசி திரும்ப அலுமாரியில் அடுக்கிவிட்டா.

இந்த முறை கூட்டத்தொடர் முடிந்தும் எம்.பி. வந்தார். நானாதான் மொழிபெயர்த்தார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. எம்.பி. இரண்டு மூன்று தரம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும்போது அபியிடம் கேட்டேன். “அண்டைக்கு உனக்குச் சிங்களம் விளங்கினது தானே? ஏன் என்னை நிப்பாட்டேல்லை?”

“எனக்கு மட்டுமோ? பின்வரிசை முழுக்க விளங்கினது அப்பா. அவர் சொன்னதைவிட நீங்கள் சொன்னது நல்லா இருந்தது. அதுதான் விட்டனாங்கள்.”

இப்போது எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டு. செய்தியில் யாராவது தலைவர் சிங்களத்தில் பேசத் தொடங்கினால் அபி சத்தத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் எழும்பி நின்று மொழிபெயர்ப்பேன். இதுவரை அரிசி விலையை இறக்கியிருக்கிறேன். கரையோர ரயிலில் எல்லாருக்கும் இருக்கை கொடுத்திருக்கிறேன். கணித ரியூசனைத் தடைசெய்து சட்டம் போட்டிருக்கிறேன். (அதற்குத்தான் பெரிய கைதட்டு.) சாந்தி மட்டும் தட்டமாட்டா. குசினிக்குள் இருந்து கத்துவா.

“இஞ்சை குழாய் ஒழுகத் தொடங்கி எவ்வளவு காலம்! மோட்டர் திருத்துறவர் அதை எப்ப திருத்துவாராம் எண்டும் ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கோ!”