சிவப்பு டேப் சுற்றிய மூன்று பாட்டில்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்.
மார்கழி 28, திங்கட்கிழமை விடியற்காலை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் சிங்காரம் அவர்களுக்கு,

உன் அக்காள் புருஷன் மணவாளன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் அமராவதியும் உடலளவில் சுகம். சிதம்பரம் வடக்கு வீதியில் நீயும் உன் மனைவி மக்களும் எல்லா அளவிலும் சுகமாயிருக்க அந்த நடராஜர் துணையிருப்பார். எங்களை மட்டும் ஏன் உடலளவில் என்று எழுதினேன் என்பது போகப் போகப் புரியும். இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் சம்பந்தி கண்ணாயிரம் இருந்தால் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் படி.

போன் இருக்கும்போது இந்த ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கும், நீயும் காலை மாலை இரண்டு வேளையும் சம்பந்தியோடுதான் நாலு வீதியும் சுற்றுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமென்றால், போன மாதம் "சம்பந்தி மைக்கைப் பிடிச்சா விட மாட்டாரே மச்சான்" என்று உனக்கு அனுப்பிய செய்தி நேராகச் சம்பந்தி குடும்பத்து குரூப்பில் போய் விழுந்து, அவரே கீழே கைகூப்பும் படம் போட்டது உனக்கு மறந்திருக்காது. அதனால்தான் கடிதம். அமராவதி உனக்கு அனுப்பும் முறுக்கு டப்பாவில், முறுக்குக்கு அடியில் இதை வைக்கிறேன். பக்கத்து வீட்டு மங்கலம் டீச்சர் தினமும் சிதம்பரம் பள்ளிக்கூடத்துக்குத்தானே வருகிறார்கள், கையோடு கொண்டுவந்து தருவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் பெண் கனிமொழிக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்து இறக்கினோமே, அதில் ஒன்பதாவது தட்டில் நார்த்தங்காய் சர்பத் என்று மூன்று பாட்டில் இருந்ததே, அது சர்பத் இல்லை மச்சான். ஜின்.

பதறாதே. நான் உனக்கும் சேர்த்துப் பதறி முடித்துவிட்டேன். முதலில் இருந்து சொல்கிறேன்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். உன் அக்காள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "ஏங்க, இங்கிலீஷ் வருஷப் பொறப்புக்கு ஒண்ணு கேட்டா வாங்கித் தருவீங்களா?" என்றாள். மூக்குத்தியாக இருக்கும் என்று நினைத்து, "கேளு" என்றேன். போனை நீட்டினாள். அதில் ஒரு தாடிக்காரப் பையன் உயரமான கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சை, சாத்துக்குடி எல்லாம் பிழிந்து, ஜின் ஊற்றி, சோடாவை விட்டு நுரைக்க நுரைக்கக் காட்டுகிறான். "இத ஒரே ஒரு தடவ குடிச்சிப் பாக்கணுங்க" என்கிறாள். போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், முப்பத்தோரு வருஷத்தில் அவள் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே இருந்ததை நானும் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன். அது அன்றைக்குத்தான் சுருக்கென்று தைத்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் கனியின் நிச்சயதார்த்தம் ஞாபகம் வந்தது. வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் சம்பந்தி எழுந்து நின்று, "நான் மது ஒழிப்பு மன்றத் தலைவரு. ஒங்க வீட்ல யாரும் தொடறதில்லையே?" என்று சபையில் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்றேன். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலின் பேரில்தான் கனி இன்று அந்த வீட்டில் மருமகள்.

ஜின்னை எங்கே வாங்குவது? கடலூரில் வாங்க முடியுமா? மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், தெருவுக்கு நாலு பேர் வணக்கம் வைக்கிறார்கள். முகத்துக்கு மாஸ்க், தலைக்குக் குரங்கு குல்லா, கையில் மஞ்சள் பையோடு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரன், "என்னா ஜின்னு சார்?" என்றான். எனக்கு என்ன தெரியும்? "நல்ல குடும்பத்து ஜின்னா குடுப்பா" என்றேன். அதற்குள் பக்கத்தில் நின்றவன் குனிந்து என் கண்ணைப் பார்த்து, "சார், நீங்க மஞ்சக்குப்பம் ஈ.பி. சாருதான? நீங்களுமா?" என்றான். அந்த "நீங்களுமா" இன்னும் காதில் நிற்கிறது. திரும்பி வரும்போது, டியூட்டி முடிந்த போலீஸ்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மடியில் பாட்டில், தோளில் போலீஸ். கடலூர் வரும்வரை நான் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன்.

ஒன்றாம் தேதி மத்தியானம் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு வேலையை ஆரம்பித்தோம். அளவுக்கு இருமல் மருந்து மூடி. பழம் பிழிய ஆள் நான். சாத்துக்குடி நாலு, எலுமிச்சை ஆறு, கொல்லையில் காய்த்த நார்த்தங்காய் இரண்டு. சர்க்கரையையும் தண்ணீரையும் சும்மா கரைய விட்டு இறக்கு என்கிறான் அந்தத் தாடிக்காரன். உன் அக்காள் கேட்பாளா? "பதம் வராத பாக நான் எறக்குனதே இல்ல" என்று அதிரசத்துக்கு வைக்கிற மாதிரி கம்பிப் பதம் வரும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. அதை ஐஸ் போட்ட தம்ளரில் ஊற்றியதும் அடியில் போய்க் கல்லாக உறைந்துவிட்டது. கரண்டிக் காம்பால் குத்தியதில் தம்ளர்தான் உடைந்தது. மறுபடி பாகு, மறுபடி சாறு. குலுக்குவதற்குச் சாம்பார் தூக்கு. குலுக்கிய குலுக்கில் மூடி பறந்துபோய்ச் சுவரில் இருந்த தினசரி காலண்டரில் அடித்து, ஒரே நாளில் பொங்கல் வரைக்கும் தாள் கிழிந்துவிட்டது. சோடா வாங்கப் போனால் புதுவருஷக் கூட்டத்தில் எல்லாம் தீர்ந்து பன்னீர் சோடா மட்டும்தான் இருந்தது. மேலே சொருக ஏதோ சீமைத் தழை வேண்டுமாம். துளசிச் செடி பக்கம் கையை நீட்டினேன். "அதுல கை வெச்சீங்க, நடக்கறதே வேற" என்றாள். கடைசியில் கற்பூரவல்லி. எல்லாம் சேர்ந்து, சளி பிடித்தவன் கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி ஒரு வாசனை.

அமராவதி ஒரு வாய் வைத்தாள். "ச்சீ, கஷாயம்!" என்று முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டாள். இவ்வளவு பாடுபட்டுச் செய்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. குறை எங்கே என்று பார்ப்பதற்காக நான் ருசி பார்த்தேன். ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு மச்சான். டெஸ்ட் பண்ணாமல் லைனுக்கு சப்ளை கொடுக்க முடியுமா? முதல் டெஸ்ட்டில் புளிப்பு ஜாஸ்தி. இரண்டாவதில் தித்திப்பு ஜாஸ்தி. மூன்றாவதில் எந்தக் குறையும் தெரியவில்லை. நாலாவதில், அவள் வைக்கும் ரசம் என் அம்மா வைத்த ரசத்தைவிட மேல் என்று உன் அக்காளிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேனாம். சொல்லியிருக்கக் கூடாது, இனி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அப்படியே சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன்.

சாயந்திரம் எழுந்தால், அமராவதி மிச்சத்தை எல்லாம் மூன்று சர்பத் பாட்டிலில் ஊற்றி மூடி வைத்திருந்தாள். கொட்ட மனசு வரவில்லை. ஆனால் வருஷா வருஷம் அவள் போடுகிற நார்த்தங்காய் சர்பத்தும் அதே நிறம், அதே பாட்டில். மாறிவிடக் கூடாதே என்று மூன்று பாட்டில் கழுத்திலும் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, ஃபிரிட்ஜில் பின்வரிசையில் வைத்தேன். சிவப்பு என்றால் அபாயம், எங்கள் இலாகாவில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும்.

நேற்று சீர்த் தட்டில் அதே சிவப்பு டேப்பைப் பார்த்தேன் மச்சான். பார்த்துவிட்டு, "அமராவதி எவ்வளவு மங்களகரமாச் சிவப்பு நாடா கட்டியிருக்கா!" என்று பூரித்துப்போய் நின்றேன். என் கையால் நான் சுற்றிய டேப்! யாரோ அதன்மேல் குங்குமம் வேறு வைத்தார்கள். சம்பந்தி ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னா நெறம் சம்பந்தி! காணும் பொங்கலுக்கு நம்ம மன்றத்து ஆளுங்க முப்பது பேரு வர்றாங்க, அவுங்களுக்கு ஆளுக்கு ஒரு தம்ளர் கலக்கிக் குடுத்துடறேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாராளமா குடுங்க சம்பந்தி. சின்னப் புள்ளைக்குக்கூட ஒண்ணும் பண்ணாது!" என்றேன். இந்த வாயை என்ன செய்யலாம் சொல்.

வீட்டுக்கு வந்ததும் தொண்டை கமறியது. ஒரே ஒரு மூடி ஊற்றிக்கொள்ளலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தால், பின்வரிசையில் டேப் இல்லாத மூன்று பாட்டில். மோந்து பார்த்தேன், சுத்த சர்பத். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவசரத்தில் அமராவதி மாற்றி எடுத்து வைத்துவிட்டாள், பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் இடிந்துபோவாள். சொல்லாதே.

என் மானம் போனால் போகிறது. ஊரெல்லாம் குடிகாரன் என்று சொல்லட்டும், குல்லாவைப் போட்டுக்கொண்டு நடமாடுவேன். என் பயம் எல்லாம் கனியைப் பற்றி. கல்யாணமாகி நாலு மாசம் ஆகிறது. போன் பண்ணினால் "நல்லா இருக்கேம்ப்பா" என்கிறாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் தங்கமான பிள்ளைதான், ஆனால் வாரத்தில் ஆறு நாள் வேலைக்காக சென்னையில் இருக்கிறார். சம்பந்தியம்மா ரத்தினம்மாள் பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரி பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் முப்பது மது ஒழிப்புக்காரர்கள் என் ஜின்னைக் குடித்துவிட்டு நடுக்கூடத்தில் உருண்டால், என் பெண்ணைக் குடிகாரன் வீட்டுப் பெண் என்று ஒரு சொல் சொல்ல மாட்டார்களா? அந்த ஒரு சொல்லை அவள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டாமா? ராத்திரி பூரா இதே நினைப்பு.

காணும் பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள்தான். எப்படியாவது அந்த மூன்று பாட்டிலை வெளியே எடுத்துவிடு. காலையில் சம்பந்தி கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் போ. சர்பத்தில் பல்லி விழுந்துவிட்டதாம் என்று சொல்லலாம். வேண்டாம், சீரில் பல்லியை அனுப்பியவர்கள் என்று பேர் வரும். உப்பு தூக்கல் என்று சொல். அதுவும் வேண்டாம், அமராவதி கைப்பக்குவத்தைக் குறை சொன்னால் என்னால் தாங்க முடியாது. நீயே ஏதாவது யோசி. இந்த வரனைக் கொண்டுவந்தவன் நீதானே.

உன் வீட்டுப் பொங்கல் முதல் கொதியிலேயே பொங்கி வழியட்டும், உன் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும் உன் முழங்காலுக்கு நல்ல காலமும் பிறக்கட்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உறக்கம் தொலைத்த உன் மாமா,
சி. மணவாளன்
(மின்வாரியம், ஓய்வு)

பி.கு: படித்ததும் கிழித்து அடுப்பில் போடு. உன் அக்காள் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

பி.கு.வுக்கு பி.கு: தம்பி சிங்காரம், அக்கா எழுதறேன். முறுக்கு டப்பாவ கட்டறது நானு, அதுல லெட்டர ஒளிச்சி வெக்கறாரு உங்க மாமா. நீ ஒண்ணும் திருட்டுத்தனமா பாட்டில எடுக்கப் போவ வேணாம். பாட்டில நான் மாத்தி வெக்கல, தெரிஞ்சிதான் வெச்சேன். ஆசப்பட்டது நான் இல்ல, ரத்தினம்மா அண்ணி. வளைகாப்பு, கல்யாணம்னு எங்க போனாலும் முப்பத்தஞ்சு வருஷமா அவுங்க வூட்டுக்காரரு மது ஒழிப்புப் பேச்சையே கேட்டுக் கேட்டு, அப்பிடி என்னதான் அதுல இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டுதான் சாவணும்னு கனி கல்யாணத்தன்னிக்கு எங்கிட்ட ரகசியமா சொன்னாங்க. அவுங்களுக்கோசரம்தான் உங்க மாமாவ கேட்டேன். ச்சீன்னு சொன்னது சும்மா, அவரு தூங்கனப்புறம் நானும் ஒரு தம்ளர் குடிச்சேன், நல்லாதான் இருந்துச்சி. மிச்சமிருந்த ஜின்ன முழுசா மூணு பாட்டில்லயும் ஊத்துனது நான்தான். டப்பாவோட வர்ற பையில நெஜ சர்பத்து மூணு வெச்சிருக்கேன், அத அண்ணிகிட்ட குடுத்துடு, மன்றத்து ஆளுங்களுக்கு அவுங்களே மாத்தி வெச்சிடுவாங்க. மாமாகிட்ட எதுவும் சொல்லிடாத, பயத்துல அஞ்சு நாளா தள்ளிப் போட்ட ஒட்டடைய இன்னிக்கு அவரே அடிக்கிறாரு. நேத்து சாயந்திரம் நாங்க கெளம்பன பின்னாடி, சம்பந்தி மன்றத்துக்குப் போனதும், அண்ணியும் கனியும் மாடில ஒக்காந்து சோடா ஊத்தி ஆளுக்குக் கொஞ்சம் குடிச்சிருக்காங்க. அங்கேருந்தே எனக்கு போன் பண்ணாங்க. ஒரு வார்த்த பேச முடியல, ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. நாலு மாசமா அந்தப் புள்ள சிரிச்சே நான் கேக்கல தம்பி. அதுல எது எம்பொண்ணு சிரிப்பு, எது அவ மாமியா சிரிப்புன்னு பெத்தவ எனக்கே தெரியல.