மரவள்ளிக்காட்டு மாப்பிள்ளை

தோட்டத்துப் பெண்ணைக் கட்டுவதில்லை என்று உறுதியாக இருந்தேன். கோலாலம்பூர்க் கம்பெனியில் உதவி மேனேஜர் அல்லவா! ஜப்பான்காரன் வந்தான். கம்பெனியை எடுத்துக்கொண்டான். என்னை ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியாக அனுப்பிவிட்டான். மரவள்ளி நடுவதை மேற்பார்க்கும் வேலை. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி. முருகனுக்கு வள்ளி கிடைத்தாள். எனக்கு மரவள்ளிதான்.

அதை அவித்துக் கொண்டுவருபவள் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகத்தின் மகள் பஞ்சாலை. அவள் சிரித்தால் கிழங்குகூட இனித்தது. நான் டையைச் சரிசெய்துகொண்டு பட்டணத்தை நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் தட்டை வைத்தவள் போகவில்லை.

"ஐயா, சயாமில ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறாங்களாம். கல்யாணம் ஆகாதவங்கதான் முதல்லயாம்."

எடுத்த கிழங்கைத் தட்டிலேயே வைத்தேன். சயாமுக்குப் போன யாரும் இன்னும் திரும்பவில்லை.

"கிராணியையுமா?"

"ஜப்பான்காரனுக்குக் கிராணியாவது மண்டோராவது லா!"

மறுநாள் அவளிடம் ரகசியமாகச் சொன்னேன்: "உனக்குச் சம்மதம்னா, ஒப்புக்கு ஒரு கல்யாணம் பண்ணிக்குவோம். சண்டை முடிஞ்சதும் நான் பட்டணம் போயிடுவேன்."

"ஒப்புக்குன்னா, தாலி?"

"அது வேணும். அவன் பாப்பானே."

"பூசாரி?"

"அவரும்தான்."

"தோட்டத்துக்கே சாப்பாடு?"

"அப்பதானே நம்புவான்!"

"உங்களுக்குப் பெரிய மூளை ஐயா," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நடிப்பு என்பது எனக்கு மறந்தே போயிற்று.

அடுத்த வாரம் ஆள் பிடிக்க லோரி வந்தது. தோட்டத்துப் பையன்கள் முன்னமே காட்டுக்குள் ஓடியிருந்தார்கள். நான் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஜப்பான் ஆபீசர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லோரி காலியாகப் போனது.

மாமனாரிடம் ஓடினேன். "பாத்தீங்களா மாமா! கல்யாணம் பண்ணதால தப்பிச்சேன்."

"கிராணிய எடுக்கமாட்டாங்களே மாப்பிள்ளை. அப்புறம் மரவள்ளிய யாரு பாக்கிறது? ஆள் பிடிக்கிற பேச்சு வந்த அன்னைக்கே ஆபீசர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்லச் சொல்லி பஞ்சாலைகிட்ட சொன்னேனே!"

வந்த வேகத்தில் வீடு திரும்பினேன்.

"ஏன் புள்ள, உங்கப்பா சொன்னத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே! "சண்டை முடிஞ்சதும் நான் பட்டணம் போயிடுவேன், ஞாபகம் இருக்கட்டும்," என்று முறைத்தேன்.

"போவோமே," என்றாள் பஞ்சாலை. "அப்பாவும் கூட வரேன்னுட்டாரு."